பாலிக் பூலாவ் டுரியான் கடை: சொந்த மரமும் குத்தகை மரமும்

மலேசியாவின் பினாங்குத் தீவின் மேற்கே, பாலிக் பூலாவ் மலைச்சரிவில், ஒரு சீனக் குடும்பம் தன் தோட்டத்து வாசலிலேயே நடத்தும் டுரியான் கடையைப் பற்றி எழுதுகிறேன். இங்கு விற்கப்படும் பழங்களில் ஒரு பகுதி சொந்த மரங்களில் விழுந்தவை. மறு பகுதி பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சேகரித்தவை. எது எந்த மரத்துப் பழம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். கடையைப் பரிந்துரைக்க எனக்கு இதுவே முதற்காரணம்.

சாலையோரக் கடைகளுக்கு வரும் பழங்களில் பல, பருவக் குத்தகையில் வருபவை. பிஞ்சு பிடித்ததும் வியாபாரி மரங்களைப் பார்வையிட்டு ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டால், அந்தப் பருவத்தில் விழும் பழமெல்லாம் அவருடையது. பருவம் முடிந்தால் மரம் உரியவரிடம் திரும்பிவிடும். அடுத்த ஆண்டைப் பற்றி வியாபாரி ஏன் கவலைப்பட வேண்டும்? அளவுக்கு மீறிக் காய்த்த கிளையில் பிஞ்சுகளைக் கழித்துவிடுவது டுரியான் வளர்ப்பின் அரிச்சுவடி என்றாலும், ஒவ்வொரு பிஞ்சுக்கும் முன்பணம் கொடுத்தவருக்கு அதைக் கிள்ளி எறிய மனம் வராது. காய்ப்பு ஓய்ந்தபின் எருவிடுவதும் கவாத்து செய்வதும் அவர் வேலையல்ல. தொகையை வாங்கிக்கொண்ட உரிமையாளரோ பட்டணத்தில் இருப்பார். களைத்த மரம் மறு ஆண்டு குறைவாகக் காய்க்கும். பால்மர (ரப்பர்) தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: அழிக்கப்போகும் மரத்தைப் பட்டையைப் பற்றிய கவலையே இல்லாமல் சீவுவார்கள்.

அதற்காகக் குத்தகைப் பழம் என்றாலே மட்டம் என்று முடிவுகட்டவும் கூடாது. இந்தக் கடைக்காரர் பக்கத்துத் தோட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் செய்து எடுத்திருக்கிறார். வாடகை ஆண்டுதோறும் ஒரே தொகை என்பதால் கூடுதலாக விளைவது முழுவதும் அவருக்கே சேரும். விளைச்சலைப் பாதிக்குப் பாதி பங்கிடுவதாகப் பேசியிருந்தால், தாம் போடும் எருவின் பலனில் பாதி பிறருக்குப் போகிறதே என்று கை சுருங்கியிருக்கும். ஆனால் பூக்கும் காலத்தில் மழை கொட்டிப் பூ உதிர்ந்தால் நட்டமும் முழுக்க அவர் தலையில்தான். இரு தோட்டத்து ஆங் ஹே என்னும் டுரியான் வகைப் பழங்களையும் அடுத்தடுத்துச் சுவைத்தபோது, சதையின் திரட்சியிலோ லேசான கசப்பு கலந்த இனிப்பிலோ எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

மூசாங் கிங், பிளாக் தோர்ன் ஆகிய புதுவகை டுரியான்கள் வேண்டுமென்றால் மட்டும் சொந்தத் தோட்டத்துக் கூடைதான். பழைய மரத்தில் புதுவகை ஒட்டுக்கட்டிப் பழம் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் குத்தகை முடிந்தால் உழைப்பு உரிமையாளருக்குப் போய்விடும் என்பதால் குத்தகைத் தோட்டத்தில் பழைய வகை மரங்களே நிற்கின்றன. இது வீண் அச்சமல்ல. பகாங் மாநிலத்து ரவூப்பில் பட்டா இல்லாத நிலத்தில் மூசாங் கிங் வளர்த்தவர்கள், 2020இல் அந்நிலம் ஒரு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டபோது நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

விலை மலிவில்லை, குத்தகைப் பழத்துக்கும் அதே விலைதான். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள், வண்டி நிறுத்த இடம் போதாது. கெட்ட பழத்தை முணுமுணுக்காமல் மாற்றித் தருகிறார்கள். இங்கு பழத்தை வெட்டுவதில்லை, தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரவில் விழுவதால் காலையிலேயே செல்வது நல்லது. பிற்பகலில் ஆங் ஹே மிஞ்சுவதில்லை.