தண்ணீரா, காற்றா, வெயிலா? மதுரையைச் சுற்றி மூன்று வகை மின்சாரம்

மின் நிலையம் என்றதும் எத்தனை மெகாவாட் என்றுதான் முதலில் கேட்போம். எந்த நேரத்தில் கரண்ட் தரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மதுரையில் விளக்கு, ஃபேன், டிவி, ஏசி என எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்துக்கு யார் கை கொடுப்பார்கள்?

முதலில் வெயில். கமுதி சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். உச்சிப்பொழுதில் இந்த வட்டாரத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் 'சித்திரை வெயிலுக்குக் கரண்ட் கொட்டும்' என்று பலர் நினைப்பது பாதிதான் சரி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கத்திரி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்புறம், பொழுது சாய்ந்தால் உற்பத்தியும் நின்றுவிடும்.

ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். தென்மேற்குக் காற்று மலைக் கணவாய்களில் நெருக்கிக்கொண்டு வரும்; ராத்திரியிலும் இறக்கை சுற்றும். சிக்கல் என்னவென்றால், காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆடி மாதத்தை வைத்துத் தை மாதத்துக்குத் திட்டம் போட முடியாது.

தண்ணீரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். குமுளி மலைப்பாதையில் போகிறவர்கள் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். பெரியாறு அணைத் தண்ணீர் அந்த வழியாக விழுந்துதான் மலையடிவாரத்து லோயர் கேம்ப் மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. 1950-களின் கடைசியில் தொடங்கி, 1960-களில் 140 மெகாவாட்டை எட்டியது. அந்தத் திறனில் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1.4 லட்சம் யூனிட். கமுதியோடு பார்த்தால் சின்னதுதான். ஆனால் வால்வைத் திறந்த சில நிமிடங்களில் முழு உற்பத்திக்கு வந்துவிடும், சாயங்காலமானாலும் நடுராத்திரியானாலும். கரண்ட் எடுத்த அதே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்குப் பாய்கிறது. வைகை அணையில் இன்னொரு 6 மெகாவாட் சிறு நிலையத்தை இயக்குகிறது. பிறகு மதுரைக்குக் குடிநீராகவும் மேலூருக்குப் பாசனமாகவும் போகிறது. ஒரே தண்ணீருக்கு இத்தனை வேலை!

அதனாலேயே அதை இஷ்டத்துக்குத் திறக்கவும் முடியாது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் விடும் அளவுதான் மின்சாரத்துக்கும். பெரியாறு அணை மட்டம் 104 அடிக்குக் கீழே போனால், தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவரும் மலைச் சுரங்கத்துக்குள் தண்ணீரே ஏறாது.

மூன்றும் ஒரே மின்கட்டமைப்பில்தான் கலக்கின்றன. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டாக இறக்கி வீட்டுக்குத் தரும்போது எது எங்கே பிறந்தது என்று பிரிக்க வழியில்லை. ஆனால் எந்த நேரத்தில் எது இல்லாமல் போகும் என்பது நன்றாகவே தெரியும்.

சாயங்காலத் தேவைக்கு என் ஓட்டு தண்ணீருக்குத்தான். இன்னொரு பெரியாறு கிடைக்காது என்பதால் கோவை மாவட்டம் காடம்பாறையைப் பார்க்கச் சொல்வேன். தேவை குறைந்த நேரத்தில் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் அது. கமுதி போன்றவை பெருகப் பெருக, பகலில் மிஞ்சும் கரண்டை இப்படியோ பேட்டரியிலோ சேர்த்துவைக்கும் ஏற்பாடும் கூடவே வர வேண்டும். பேனலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இப்போதே அதற்கு வைப்பது நல்லது.