ஊசி நேரத்தில் தாய்ப்பாலா, சர்க்கரைக் கரைசலா?

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது வலியைக் குறைக்க இந்த இரண்டுமே உதவும். 1980கள் வரை பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள், கொடுமைதான்.

எப்போது தொடங்குவது?
தாய்ப்பால்: குழந்தை நன்றாகப் பற்றிச் சீராக உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் குத்த வேண்டும். நடுவில் மார்பிலிருந்து எடுக்கக் கூடாது.
கரைசல்: சுமார் 2 நிமிடம் முன்பு, நாக்கின் முன்பகுதியில் சில சொட்டு.

எது வேலை செய்கிறது?
தாய்ப்பால்: அம்மாவின் உடல்சூடு, வாசனை, உறிஞ்சுதல், இனிப்பு எல்லாம் சேர்ந்து. பாலைக் கறந்து வாயில் விட்டால் மட்டும் இவ்வளவு பலன் கிடைக்காது.
கரைசல்: இனிப்பு மட்டுமே. பலன் சில நிமிடங்கள்தான். சூப்பியும் கொடுத்தால் இன்னும் நல்லது.

செலவு?
தாய்ப்பாலுக்கு இல்லை. கரைசல் பெரிய செலவில்லை, ஆனால் மருத்துவமனை தருவதாக இருக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை கரைப்பது, தேன் தடவுவது இரண்டும் வேண்டாம்.

பலன் தெரிகிறதா என்று அழுகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புருவம் புடைக்கிறதா, கண் இறுக மூடுகிறதா, மூக்கோரக் கோடு ஆழமாகிறதா என்று பாருங்கள். குறைமாதக் குழந்தை வலித்தாலும் அழாமல் துவண்டு கிடக்கலாம்.

அம்மா பக்கத்தில் இருந்து, குழந்தையும் நன்றாகக் குடித்தால் தாய்ப்பால்தான் என் தேர்வு. இன்னும் உறிஞ்சத் தெரியாத குழந்தை, அம்மா வர முடியாத தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால், மருத்துவர் சொல்லும் அளவில் கரைசல். அறுவை சிகிச்சை வலிக்கு இரண்டுமே போதாது, அதற்கு வலி மருந்துதான்.