அல்சூரா, சிவாஜிநகரா? பெங்களூர்த் தண்டில் ஒரு நாள் நடை

ஆம்பூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "நம்ம ஜனங்க முதல்ல வந்து எறங்குன எடத்தைக் காட்டுப்பா" என்றார். அவரையும் பெரியம்மாவையும் ஒரு சனிக்கிழமை அல்சூருக்கும் அடுத்த சனிக்கிழமை சிவாஜிநகருக்கும் கூட்டிப்போனேன். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சிவாஜிநகருக்குப் போங்கள் என்பேன்.

இரண்டுக்கும் பூர்வகதை ஒன்றுதான். 1809இல் வெள்ளைக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டாளத்தை இங்கே மாற்றினார்கள். அதன் பின்னாலேயே சிப்பாய்கள், வணிகர்கள், குத்தகைதாரர்கள், கூலிக்காரர்கள் என்று தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் இந்தப் பகுதியைத் 'தண்டு', அதாவது பட்டாளம் தங்கும் இடம், என்றுதான் சொல்வார்கள்.

அல்சூருக்குப் போவது சுலபம், மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். சோமேசுவரர் கோயிலின் அழகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலைதான் என்னை நிறுத்தியது. 1991இல் வைத்த சிலை, 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தமிழ்ச் சங்கமும் பக்கத்தில்தான்.

சிக்கல் மதியத்தில் வந்தது. நாங்கள் ஏரியைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்கு வருவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும். வயதானவர்களை வைத்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் எங்கே உட்காருவது? சாப்பிட்டு முடித்ததும் கால் போன போக்கில் அலைந்தோம். பெரியம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

நாள் முழுக்க நடப்பதாக இருந்தால் பன்னிரண்டிலிருந்து நாலு வரை என்ன செய்வது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலையில் எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும்.

சிவாஜிநகரில் அந்த நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. 1927இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் கூரை, நல்ல நிழல். காய்க்காரரிடம் பெரியம்மா தமிழிலேயே பேரம் பேசினார், அவரும் தமிழிலேயே மறுத்தார். எதிரே தூய மரியன்னை பேராலயம், உச்சிவேளையிலும் கதவு திறந்திருந்தது. அங்கே மாதாவுக்குச் சேலை கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பெரியம்மா வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தெருப் பெயர்கள். நாராயண பிள்ளை தெரு, வீரபிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு, மீனாட்சி கோயில் தெரு. யார் வந்தார்கள், எந்தச் சாமியைக் கூட்டி வந்தார்கள் என்று பலகைகளே சொல்கின்றன. குதிரைப்படையின் பெயரில் இருந்த கேவல்ரி ரோடு இன்று காமராஜ் ரோடு. பெரியப்பா ஒவ்வொரு பலகையாக நின்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். தண்டு மாரியம்மன் கோயிலைக் கண்டதும், "ஊர் பேரையே ஆத்தாளுக்கும் வெச்சிட்டாங்களே!" என்று பூரித்துப்போனார்.

குறையும் உண்டு. நெரிசல் அதிகம், நடைபாதை பாதி இடத்தில் கடைக்காரர்களுக்குத்தான். முட்டிவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் நான் அங்கே நடந்ததில்லை. செப்டம்பர் 8 மாதா திருவிழாக் கூட்டத்திலும் போனதில்லை, அதனால் அந்த நாட்களுக்கு என் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் சாயங்காலம் ஆட்டோ பிடித்து அல்சூருக்குப் போய்விடலாம். அதற்குள் சோமேசுவரர் கோயிலில் நடை திறந்திருப்பார்கள்.