கிண்டில் பேப்பர்ஒயிட்டில் இலவசத் தமிழ் நூல்கள்: எது ஓடும், எது சறுக்கும்

கிண்டில் பேப்பர்ஒயிட் என்ற அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியை வாங்கும் முன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, தமிழ் ஒழுங்காகத் தெரியுமா என்பதுதான். தெரியும். அமேசான் 2016 இறுதியில் தமிழையும் வேறு நான்கு இந்திய மொழிகளையும் கிண்டிலில் சேர்த்தது. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும் பழைய தொல்லை இன்றைய மாடல்களில் இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பதால் சின்ன அளவில் வைத்தாலும் ணகரமும் னகரமும் குழம்பாது. 2021 மாடலின் திரை 6.8 அங்குலம், 2024 மாடலுக்கு 7 அங்குலம். வெறும் எழுத்து நூல்கள் மட்டும் போதும் என்றால் 2022 முதல் வந்த 6 அங்குலச் சாதாரண கிண்டிலிலும் அதே 300 புள்ளிகள்தான். மஞ்சள் வெளிச்சமும் தண்ணீர்க் காப்பும் அதில் கிடையாது. மற்றபடி தமிழ் வாசகருக்கு வரும் சிக்கலில் பெரும்பகுதி கருவியால் வருவதில்லை, உள்ளே போடும் கோப்பால் வருவது.

தொடக்க வேலை பத்து நிமிடம். பெட்டியில் சார்ஜர் தலை இருக்காது. வீட்டிலுள்ள போன் சார்ஜர் போதும். மொழியைத் தேர்ந்து, வைஃபையில் இணைத்து, அமேசான் கணக்கைப் பதிய வேண்டும். விடுதி, கல்லூரி வைஃபைகளில் உலாவி வழியாக உள்நுழையும் பக்கம் வரும் இடங்களில் இது அடிக்கடி முரண்டு பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் முடித்துக்கொள்வது நல்லது. பதிந்ததும் மென்பொருள் புதுப்பிப்பை ஓடவிடுங்கள். அதற்குள் நூறு இருநூறு நூல்களைக் கொட்டிவிட்டு 'ஸ்லோவா இருக்கு, சார்ஜ் நிக்கல' என்று மதிப்புரை எழுதுபவர்கள் உண்டு. சேர்த்த ஒவ்வொரு நூலையும் தேடலுக்காகக் கிண்டில் உள்ளுக்குள் அட்டவணைப்படுத்தும். அது முடியும்வரை மெதுவாகத்தான் இருக்கும், பேட்டரியும் கரையும்.

நூலைத் திறந்ததும் மாற்ற வேண்டிய ஒரே அமைப்பு, பத்தி ஒழுங்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபக்கமும் சமன்செய்து வைத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். எழுத்து மெனுவில் லேஅவுட் பகுதிக்குப் போய் இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும். செய்யுள் நூல்களுக்கு எழுத்தை ஒரு படி குறைத்து, ஓரத்தையும் ஒடுக்கினால் அடிகள் பாதியில் மடியாது.

இனி கோப்பு. நினைவில் வைக்க வேண்டிய பெயர் இபப் (EPUB), திரைக்கேற்ப எழுத்தளவை மாற்றிக்கொள்ளும் மின்னூல் வடிவம். நம் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்ப அமேசான் தரும் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பை ஏற்கிறது. இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரையும், மின்னஞ்சலில் 50 எம்பி வரையும் அனுப்பலாம். ஆண்ட்ராய்டு போனில் கோப்பை 'ஷேர்' அழுத்திக் கிண்டில் செயலிக்குக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முகவரியை அமேசான் கணக்கின் தனிப்பட்ட ஆவண அமைப்பில் முன்னதாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் நூல் வந்து சேராது. வந்தும் காணவில்லை என்றால் நூலகப் பகுதியின் வடிகட்டியில் 'டாக்குமென்ட்ஸ்' விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்டிலின் பழைய வடிவமான மோபி (MOBI) கோப்பை இந்தச் சேவை இப்போது ஏற்பதில்லை. கேபிளில் இணைத்து 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் போட்டால் திறக்கும். இபப்புக்கு நேர் எதிர்: கேபிளில் போட்டால் கிண்டில் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கேபிள்தான் வேண்டும் என்றால் காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 (AZW3) என்ற கிண்டில் வடிவமாக மாற்றிப் போட வேண்டும். 2024 மாடல்கள், ஆண்ட்ராய்டு போன்களைப் போல, எம்டிபி (MTP) முறையில் இணைபவை. மேக் கணினியில் பென் டிரைவ் மாதிரித் தானாகத் தோன்றாது.

தமிழுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. நூல் வந்துவிடும், அட்டையும் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் ஒரு தமிழெழுத்து இருக்காது. மேலே கோடிட்ட ரோமன் 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகப் பக்கம் பக்கமாக ஓடும். கருவி பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். இபப்பின் உள்கோப்புகளில் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்ற அறிவிப்பு இல்லாவிட்டால் அமேசானின் மாற்றி அதை மேற்கு ஐரோப்பியக் குறியீடாக எடுத்துக்கொள்கிறது. கொம்பு, கால் உட்பட தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள். அவை மூன்று தனிக் குறிகளாக உடைகின்றன. காலிபரில் அதே நூலை இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றி, விவரப் பகுதியில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டு மறுபடி அனுப்பினால் தீரும். ஈ999 என்ற பிழை மின்னஞ்சல் வந்தாலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுவே.

எங்கே எடுப்பது? புதியவர்களுக்கு முதல் பரிந்துரை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்களே தந்தவை, சட்டச் சிக்கல் இல்லை. இபப் நேரடியாகக் கிடைக்கும். '6 இன்ச் பிடிஎஃப்' என்றும் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் எழுத்தளவை மாற்ற முடியாது, இபப்பையே எடுங்கள். தரம் நூலுக்கு நூல் வேறுபடும், மெய்ப்புப் பார்க்காதவையும் உண்டு.

பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்கப் பாடல் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை பெரும் தொகுப்பு. ஆரம்பகாலக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி (TSCII) குறியீட்டிலும் இருக்கின்றன. அவற்றை விட்டு யூனிகோட் பதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். இபப் இல்லாத நூலுக்கு யூனிகோட் வலைப்பக்கத்தைச் சேமித்துக் காலிபரில் மாற்றலாம்.

தமிழ் விக்கிமூலத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் ஏராளம், எந்த நூலையும் இபப்பாக இறக்கலாம். இறக்கும் முன் மெய்ப்பு நிலையைக் காட்டும் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் இருவர் பார்த்தது, மஞ்சள் ஒருவர் பார்த்தது. சிவப்பு என்றால் இயந்திரம் படித்ததை அப்படியே விட்டது. ஒரு பக்கத்துக்கு மேல் பொறுமை நிற்காது.

கிண்டில் கடையில் 'கிண்டில் அன்லிமிடெட்டுடன் ₹0' என்பது சந்தாக்காரருக்கு மட்டும். அந்தத் துணைச்சொல் இல்லாமல் வெறும் ₹0 என்றிருந்தால்தான் இலவசம். பொதுவுடைமை நூல்களை யாரோ தொகுத்து விலைக்கு வைத்திருப்பதும் அங்கே சகஜம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை தீரும். 1954-இல் மறைந்த கல்கியின் எழுத்துகள் அந்தக் கணக்கில் 2015 முதல் பொதுவுடைமை. வாங்கும் முன் மேற்சொன்ன மூன்று இடங்களில் தேடிவிடுங்கள். வாழும் எழுத்தாளர்களின் நூல்களை வருடி (ஸ்கேன் செய்து) டெலிகிராம் குழுக்களில் விடும் பிடிஎஃப்கள் இந்தப் பட்டியலில் இல்லை. திருட்டு என்பது ஒருபுறம், இந்தத் திரையில் படிக்கவும் அவை லாயக்கில்லை.

பிடிஎஃப்தான் இந்தக் கருவியின் பலவீனம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம் பெரும் களஞ்சியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அப்படியே. ஆனால் இரண்டிலும் பெரும்பாலானவை வருடிய பக்கப் படங்கள். மின்னஞ்சல் தலைப்பில் 'கன்வர்ட்' என்று போட்டு அனுப்பினாலும் தமிழில் பயனில்லை: படத்தில் எழுத்தே கிடையாது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். பக்கத்தைக் கிடைமட்டமாகத் திருப்பினால் ஓரளவு தேறும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் பக்கப் படத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும். எழுத்தை அடையாளம் காணத் தேவையில்லாததால் தமிழுக்கும் ஓடும். ஒற்றை நெடுவரிசையில் அச்சான நாவலுக்குச் சரி. இரண்டு மூன்று நெடுவரிசையாக அச்சான பழைய இதழ்களே உங்கள் வாசிப்பில் பாதி என்றால், அந்தப் பணத்துக்கு 10 அங்குல டேப்லட் வாங்குவதே புத்திசாலித்தனம்.