கொழும்புல ஒரு நாள் கெடச்சா காலி (Galle) டிரெயினா, எல்ல (Ella) டிரெயினா?

திருவனந்தபுரத்துல பிளைட் ஏறுனா ஒரு மணி நேரம் சொச்சத்துல கொழும்பு, அதனால நாரோயில், தக்கலை பக்கத்துல இருந்து சிலோன் போறவங்க கேக்குறது பெரும்பாலும் இதுதான், ஒரு நாள் சும்மா கெடக்கு, டிரெயின்ல எங்க போலாம்னு. போன்ல வர்ற வீடியோ பூராவும் மலை மேல இருக்குற எல்ல தான், தேயிலைத் தோட்டம், ஒம்பது வளைவுப் பாலம், வாசல்ல தொங்கிட்டுப் போற ஆளுங்க. ஆனா கையில ஒரே ஒரு நாள்னா நான் தெக்க கடலோரம் இருக்குற காலிக்குப் போங்கன்னு தான் சொல்லுவேன்.

மலை லைன் மட்டம்னு சொல்ல வரல. ரயில்னு மட்டும் பாத்தா அதுதான் ஒசத்தி. ஊட்டி ரயில் மாதிரி குட்டித் தண்டவாளம் இல்ல, நம்ம ஊர்ல ஓடுற அதே அகலப் பாதை, பல்சக்கரமும் கெடையாது, அதுலயே வளைஞ்சு வளைஞ்சு பட்டிப்பொலயில 1,898 மீட்டர் ஒசரத்துக்கு ஏறிருது. தெமோதரையில பாதை ஒரு சுத்து சுத்தி ஸ்டேஷனுக்கு அடியிலயே சுரங்கத்துல நொழையும், 1921ல முடிச்ச ஒம்பது வளைவுப் பாலம் அங்கேருந்து எல்ல போற வழியில. ஹட்டன், தலவாக்கலை பக்கம் இறங்குனா நம்ம பேச்சு தான் கேக்கும், வெள்ளைக்காரன் காலத்துல தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டுப் போன சனங்களோட பேரப்புள்ளைங்க, இன்னும் தோட்டத்துல வரிசையாக் கட்டுன லைன் வீட்டுல இருக்காவ, அதப் பாக்காம தேயிலைய மட்டும் போட்டோ எடுத்துட்டு வர்றது எனக்கு மனசு ஒப்பாது.

ஆனா கொழும்புல இருந்து எல்ல போகவே கிட்டத்தட்ட ஒம்பது மணி நேரம், கண்டியில ஏறுனாலும் ஆறு ஏழு மணி நேரம் ஆவும், போன அன்னைக்கே திரும்ப முடியாது, ராத்தங்கணும். ரிசர்வ் சீட்டு ஒரு மாசம் முன்னாடி தொறந்த ஒடனே தீந்துரும், கெடைக்கலன்னா பாதி வழி நின்னுட்டே தான். மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு லைன் அடைபடவும் செய்யும்.

காலிக்கு இந்தப் பாடு கெடையாது. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல கவுன்டர்ல டிக்கெட் எடுத்து ஏறுனா ரெண்டு ரெண்டரை மணி நேரம், வலது பக்கம் ஜன்னல் புடிச்சுருங்க. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கல்கிசைன்னு அலையடிக்கிற பாறைய ஒட்டியே வண்டி போவும். கடலு நமக்கு வீட்டு வாசல்ல கெடக்கே, அதப் பாக்க சிலோன் வரைக்கும் போகணுமான்னு நம்மாளுங்க கேப்பாவ. நம்ம லைன்ல எரணியல், குழித்துறைன்னு திருவனந்தபுரம் போற வழியில கடல் கண்ணுல படுதா? தண்டவாளத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு கல்லு மட்டும் கெடக்குற மாதிரி ஒரு ஓட்டம் நம்ம மாவட்டத்துல இல்லவே இல்ல.

இதே லைன்ல ஹிக்கடுவ தாண்டுறதுக்கு முன்னாடி பெரலியன்னு ஒரு ஊரு. 2004 டிசம்பர் 26 காலையில மாத்தறைக்குப் போன டிரெயின் அங்க நிக்கும்போது தான் சுனாமி அடிச்சுது, ரயில்ல வந்தவங்களும் அலைக்கு ஒதுங்க ரயில நம்பி அதுல ஏறிக்கிட்டவங்களுமா 1,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க, நினைவுச் சின்னம் ரோட்டோரமா இருக்கு. அதே நாள் கொளச்சலும் மணக்குடியும் பட்ட பாடு தெரிஞ்ச ஒருத்தருக்கு அந்த எடம் சும்மா கடந்து போற எடமா இருக்காது, நேரம் இருந்தா திரும்பும்போது ஹிக்கடுவயில எறங்கி ஆட்டோ புடிச்சுப் போய்ப் பாத்துட்டு வாங்க.

காலி ஸ்டேஷன்ல இருந்து காலிக் கோட்டை நடக்குற தூரம் தான். போர்ச்சுகீசியர் போட்டத டச்சுக்காரங்க பெருசாக்குனது, பழைய வாசல்ல 1669ன்னு ரோமன் எழுத்துல போட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை இன்னும் இருக்கு. கொளச்சல்ல 1741ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்த படையும் இந்தக் கம்பெனிக்காரங்க தான், வந்ததும் இலங்கையில இருந்து தான், அதுல புடிபட்ட டிலனாய் அப்புறம் திருவிதாங்கூருக்கே தளபதி ஆகி உதயகிரிக் கோட்டையில அடங்கிக் கெடக்காரு. அவரு கல்லறைய நேர்ல பாத்தவங்க காலி மதில் மேல நடந்தா கதையோட மறு பாதி அங்க கெடைக்கும். இன்னொண்ணு, 1911ல காலியில ஒரு கல்வெட்டு கெடச்சுது, சீனத் தளபதி செங் ஹோ 1409ல எழுத வச்சது, சீனம், பாரசீகத்தோட தமிழும் இருக்கு, அது இப்ப கொழும்பு மியூசியத்துல.

அம்மா அப்பாவக் கூட்டிட்டுப் போனாலும் காலி தான் கொள்ளாம், மதில் சமதளம், சாயங்காலம் கொழும்புக்கே திரும்பிரலாம். ரெண்டு ராத்திரி கையில இருந்தா மட்டும் கண்டியில ஒண்ணு, எல்லயில ஒண்ணுன்னு வச்சு மலைக்குப் போங்க, அதுவும் பகல் வண்டி மட்டும். எங்க போனாலும் போயா நாளப் பாத்துக்கோங்க, பௌர்ணமி அங்க அரசு லீவு, டிரெயின்ல காலு வைக்க எடம் இருக்காது.