பழைய சார்ஜரே போதும் என்றார்கள், 26,500 ரூபாய் போனது: ஸ்கூட்டருக்கு லித்தியம் பேட்டரி மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 26,500 ரூபாய். சேலத்தில் மின்சார ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி மாற்றித் தரும் ஒரு கடையில் கொடுத்தேன். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது எரிந்த வாடை அடிக்கும் ஒரு இரும்புப் பெட்டியும், ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டும். இன்று காலையும் அந்தக் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். முதலாளி வெளியூர் போயிருக்கிறாராம். உள்ளே மின்விசிறிக்கு அடியில் அவருடைய செருப்பு கிடந்தது.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பெயரைப் போட்டு அவர்களுக்கு ஒரு சாக்கு ஏற்படுத்திக் கொடுக்க விருப்பமில்லை. தயவுசெய்து பெயர் கேட்காதீர்கள்.

நாங்கள் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்பவர்கள். வெள்ளியை வாங்கி வருவதும், முடித்த கொலுசைச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுப்பதும் பெரும்பாலும் என் மனைவிதான். அதற்காக வாங்கிய வண்டி அது. 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகாது, அதனால் பதிவு எண்ணும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். உள்ளே 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் ஐந்து, சேர்த்தால் 60 வோல்ட். வழக்கம்போல அவை சோர்ந்துபோயின. போகும்போது ஓடிய வண்டி, திரும்பும்போது கொண்டலாம்பட்டி தாண்டுவதற்குள் தள்ளாடியது. மறுபடியும் ஈய பேட்டரியே போடுவதா, லித்தியத்துக்கு மாறுவதா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது.

அந்த விற்பனைப் பையனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் அவன் பேச்சில்தான் இருந்தது. போனதும் உட்காரச் சொன்னான், டீ வரவழைத்தான், அம்மா உடம்புக்கு எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்டான். ஒரு பேட்டரிப் பெட்டியை மேசைமேல் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக் காட்டினான். அறுபதுக்கு மேல் எண் ஓடியது. “பாருங்கள் அண்ணா, 60 வோல்ட், 30 ஆம்பியர் ஹவர். புது செல். மூன்று வருட வாரண்டி. இதைப் போட்டால் ஏற்காடே ஏறிவிடலாம்” என்றான். 250 வாட் வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுமாம்! சிரித்துவிட்டு விட்டுவிட்டோம், விற்கிறவன் நாலு வார்த்தை கூட்டித்தான் பேசுவான் என்று.

நான் அவனிடம் தெளிவாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சார்ஜரையும் மாற்ற வேண்டுமா? அவன் யோசிக்கக்கூட இல்லை. “எதற்கு அண்ணா வீண் செலவு? அதுவும் அறுபது, இதுவும் அறுபது. பழைய சார்ஜரே போதும்.” என் செலவைக் குறைக்கிறானே என்று மனம் குளிர்ந்துபோனது. 26,500 ரூபாய் போனது அந்த நிமிடத்தில்தான். நல்லவன்போல் பேசி 3,000 ரூபாய் சார்ஜர் ஒன்றை ‘மிச்சப்படுத்தி’க் கொடுத்து என்னை விழவைத்தான்.

சொன்ன விலை 29,500. பழைய பேட்டரி ஐந்துக்கும் சேர்த்து 3,000 கழித்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்பது கிலோ, அதில் பெரும்பகுதி ஈயம். அந்த ஈயத்தை எங்கே என்ன விலைக்குப் போட்டார்களோ, அது தனிக் கணக்கு. மீதி 26,500-இல் 20,000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள், 6,500 மட்டும் போன் வழியாக. பில் கேட்டதற்கு “ஜி.எஸ்.டி. போட்டால் உங்களுக்குத்தான் கூடும் அண்ணா” என்று எஸ்டிமேட் சீட்டைக் கையில் திணித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, சார்ஜர் விஷயத்தை மறுபடியும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். “தைரியமாகப் போடுங்கள் அண்ணா, ஒன்றும் ஆகாது” என்று குரல் பதிவே அனுப்பினான். அது இப்போதும் என் போனில் இருக்கிறது.

கொஞ்ச நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு சார்ஜ் போடும்போது பெட்டி சூடாகத் தொடங்கியது. கேட்டதற்கு, “லித்தியம் கொஞ்சம் சூடாகும், சேலத்து வெயில் வேறு” என்றார்கள். ஓடும் தூரம் குறைந்தது. “புது பேட்டரி பழக வேண்டும்” என்றார்கள். பேட்டரி பழகுவதற்கு அது என்ன கன்றுக்குட்டியா?

ஒரு நாள் இரவு முன்னறையில் படுத்திருந்த அம்மா, நகச்சாயம் போல ஏதோ வாடை அடிக்கிறது என்று எழுப்பினார். வண்டி அங்கேதான், வாசற்கதவை ஒட்டி, சார்ஜில் நின்றது. இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லப் புகை. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன், மனைவி அம்மாவைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனாள். பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். பெட்டிமேல் கை வைக்க முடியவில்லை. தீ பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விடியும்வரை தெருவில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்ட மின்சார வண்டி எரிந்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்களே, அந்தச் செய்தி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

காலையில் கடைக்குப் போனேன். இனி அவர்கள் சொன்ன பதில்களை வரிசையாகக் கேளுங்கள். டெக்னீஷியன் திருச்செங்கோடு போயிருக்கிறார், நாளை வாருங்கள். நாளை போனால், பெட்டியை விட்டுப் போங்கள், கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்க்கிறோம். அனுப்பினார்களா என்று கேட்டால், பார்சல் சர்வீஸில் லித்தியம் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அதன்பிறகு, பேட்டரிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, நீங்கள் வண்டியைக் கழுவியிருப்பீர்கள். கடைசியில் முதலாளியே வாரண்டி அட்டையை எடுத்து, எறும்பு அளவு எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: பேட்டரியோடு தராத சார்ஜரைப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது. “உங்கள் சார்ஜர் ஈய பேட்டரி சார்ஜர். அதை யார் போடச் சொன்னது?”

யார் போடச் சொன்னது! குரல் பதிவை அங்கேயே சத்தமாகப் போட்டுக் காட்டினேன். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். முதலாளி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அந்தப் பையன் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை” என்றார். பையன் இருந்தாலென்ன, போனாலென்ன, 26,500 ரூபாய் போனது அவர் கல்லாவுக்கா பையன் சட்டைப்பைக்கா? பாதுகாப்பு விதிகள் பற்றிக் கேட்டால், “ஆர்.சி.யே இல்லாத வண்டிக்கு என்ன சார் விதி?” என்று சிரிக்கிறார். அதுவரை அண்ணா, அன்றிலிருந்து சார். இன்னொரு 6,000 கொடுத்தால் ‘சரிசெய்து’ தருகிறாராம்.

பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பள்ளப்பட்டியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் சார்ஜரைத்தான் கேட்டார். மீட்டரை வைத்தார், 73 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவில் உங்களுக்குப் பயன்படப்போவது இதுதான்.

ஈய பேட்டரி ஒன்று முழுதாக ஏற சுமார் 14.7 வோல்ட் வேண்டும், ஐந்துக்கு 73.5. எனக்குக் கொடுத்த லித்தியம் பெட்டியில் செல்கள் பதினாறு வரிசையாகத் தொடர் இணைப்பில் இருந்தன. ஒரு செல்லின் உச்சவரம்பு 4.2 வோல்ட், பதினாறுக்கு 67.2. ஆக, 67.2-இல் நிற்கவேண்டிய பெட்டியை என் சார்ஜர் 73.5 வரை தள்ளிக்கொண்டிருந்தது. செல்லுக்கு 4.6 வோல்ட் அளவில் வருகிறது. நிறைந்த பிறகும் ஈய சார்ஜர் முழுதாக நிற்பதில்லை, 69 வோல்ட் அளவில் பிடித்துக்கொண்டே இருக்கும், ஈய பேட்டரிக்கு அது நல்லது. லித்தியம் செல்லுக்கு அந்த 69-ம் வரம்புக்கு மேல்தான். வரம்பு மீறி ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், சூடு ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே சூட்டை வளர்க்கும். இரண்டு பெட்டிக்கும் பெயர் ‘60 வோல்ட்’. உச்சத்தில் நிற்கும் இடம் வேறு. லித்தியத்திலேயே பாஸ்பேட் வகைக்கு இன்னொரு கணக்கு, அதன் செல் 3.65 வோல்ட்டில் நிறையும். பெயரளவு வோல்ட்டை மட்டும் பார்த்து சார்ஜர் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம் என்றார் பெரியவர்.

உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்குமே, அது சார்ஜைத் துண்டித்துவிடாதா என்று கேட்டேன். நல்ல பலகையாக இருந்தால் துண்டித்திருக்கும், ஆனால் அது கடைசிக் காவல், தினமும் அதை நம்பி சார்ஜ் ஏற்றக்கூடாது என்றார். பிறகு உறையைப் பிரித்தார். வெப்பத்தை உணரும் கம்பி எந்தச் செல்லையும் தொடாமல் ஓரத்தில் தொங்கியது. செல்கள் இரண்டு நிற உறையில் இருந்தன, எதிலும் தயாரிப்பு மாதமோ வருடமோ இல்லை. சிலவற்றில் பழைய பற்றவைப்பின் தழும்பு. ‘புது செல்’ என்று டீ வாங்கிக் கொடுத்து விற்றது இதைத்தான். 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு, மின்சார வண்டிப் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியை அந்த டிசம்பரிலிருந்தும், அடுத்த மார்ச்சிலிருந்தும் இரண்டு கட்டமாக இறுக்கியது. கம்பெனி வண்டிகளுக்கு அந்தச் சோதனை உண்டு. பின்கட்டில் பற்றவைத்து, நீல உறை சுற்றி விற்கும் பெட்டியை எவர் சோதித்தார்?

வீட்டில் பாதுகாப்பாக சார்ஜ் செய்வது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் மனநிலையில் அது முடியாது, அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

பேட்டரியை மாற்றினால் சார்ஜரையும் அதே கடையில், அதே பில்லில் வாங்குங்கள். சார்ஜர்மேல் அச்சிட்ட வெளியீட்டு வோல்ட்டும், பேட்டரியின் முழுச் சார்ஜ் வோல்ட்டும் ஒன்றாக இருக்கவேண்டும். எழுத்தில்லாத சார்ஜரைத் தொடாதீர்கள். வாசற்கதவை ஒட்டியோ மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடாதீர்கள், புகை வந்தால் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். வெயிலில் ஓட்டிவந்த வண்டியை ஆறவிட்டுப் போடுங்கள். எர்த் இல்லாத பிளக்கும் நீட்டிப்புப் பெட்டியும் வேண்டாம். வாடையோ புகையோ வந்தால், கை எட்டும் இடத்தில் மெயின் இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் முதலில் ஆட்கள் வெளியே, பிறகு 101. நாங்கள் செய்ததுபோல வண்டியைத் தள்ளப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்தில் பிறகு எங்களைத் திட்டினார்கள். அணைந்த பேட்டரி மறுபடி பற்றக்கூடும், உள்ளே கொண்டுவராதீர்கள்.

பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். பதிவுத் தபாலில் அறிவிப்பு நாளை போகிறது. குரல் பதிவு, 6,500 போன் வழியாகப் போன ரசீது, அந்த எஸ்டிமேட் சீட்டு, பெரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த 20,000 ரூபாய்க்கு ஆதாரம் அந்தச் சீட்டில் உள்ள மொத்தத் தொகை 26,500 மட்டும்தான், அதனால் அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன். “சீட்டைக் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம்” என்று முதலாளி இன்று போன் செய்து கேட்கிறார். வெளியூரிலிருந்தாம்.

இதே கடையில் இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் சேலத்தில் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.