ஃபிரேசல் வெர்ப் பழக ஆக்ஸ்போர்டு அகராதித் தளம்: ஒரு மதிப்பீடு

ஆங்கிலத்தைப் பள்ளியில் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, அதை அன்றாடம் புழங்க வேண்டி வரும்போது இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். புட், கெட், லுக் போன்ற எளிய வினைகளோடு ஆஃப், அப், ஓவர் போன்ற சிறு சொற்கள் சேர்ந்து வேறொரு பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப்கள் ஓரிடம். குறுஞ்செய்திகளில் வரும் எழுத்துச் சுருக்கங்கள் மற்றோரிடம். இரண்டுக்கும் நான் நாடுவது ‘ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’யின் இலவச இணையதளத்தைத்தான். முதலாவதற்கு இதைவிடத் தெளிவான துணையை நான் கண்டதில்லை; இரண்டாவதற்கு இது பாதி வழிதான் வரும்.

இந்த அகராதி தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக எழுதப்பட்டது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்த இதன் முதல் வடிவம் 1942-இல் அந்நாட்டிலேயே அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்தது. ஒரு வினை எந்தெந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதைக் காட்டுவதில் ஹார்ன்பி கொண்டிருந்த அக்கறை, இன்றைய தளத்திலும் அப்படியே இருக்கிறது.

‘புட் ஆஃப்’ என்று தேடிப் பாருங்கள். ‘புட்’டுக்கும் ‘ஆஃப்’புக்கும் இடையே ‘சம்திங்’ என்ற சொல்லும், அதை அடுத்து இருபக்கமும் முனையுள்ள ஒரு சிறிய அம்புக்குறியும் இருக்கும். செயப்படுபொருள் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம் என்பதே அந்த அம்புக்குறியின் பொருள். ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம், ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும். நம் மாணவர்கள் பலர் எழுதும் ‘புட் ஆஃப் இட்’ பிழை. ‘லுக் ஆஃப்டர்’ பக்கத்தில் அந்த அம்புக்குறி இல்லை; அங்கே செயப்படுபொருள் எப்போதும் இறுதியில்தான் வரும். பல பயிற்சி நூல்கள் பொருளை மட்டும் பட்டியலிட்டு விட்டுவிடுவதால்தான், பொருள் தெரிந்தவர்களும் பேசும்போது வாக்கியத்தைத் தவறாக அமைக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

‘புட் ஆஃப்’ பக்கத்திலேயே ‘சம்திங்’குக்குப் பதிலாக ‘சம்படி’ என்று தொடங்கும் பிரிவையும் பார்க்க வேண்டும். ஒரு வேலையை ‘புட் ஆஃப்’ செய்தால் ஒத்திவைப்பது. ஒரு மனிதரை ‘புட் ஆஃப்’ செய்தால், அவருடனான சந்திப்பை ரத்துசெய்வது, ஒன்றின்மீது அவருக்கு வெறுப்பு உண்டாக்குவது, அவர் கவனத்தைக் கலைப்பது என்று பொருள் பிரிகிறது. எது எங்கே பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் காட்டிவிடுகின்றன. படிவத்தை நிரப்புவதற்கு ‘ஃபில் இன்’, ‘ஃபில் அவுட்’ இரண்டும் உண்டு என்பதோடு, பின்னது அமெரிக்க வழக்கில் மிகுதி என்ற குறிப்பும் கிடைக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அச்சு நூலில் ஒரு வினையின் ஃபிரேசல் வெர்ப்கள் எல்லாம் ஒரே இடத்தில் விளக்கத்தோடு வரும். தளத்திலோ அவை பெயர்ப்பட்டியலாக மட்டும் நிற்க, ஒவ்வொன்றையும் தனித்தனியே சொடுக்கித் திறக்க வேண்டியிருக்கிறது. ‘கெட்’ போன்ற வினைக்கு அந்தப் பட்டியல் மிக நீளம். ஒப்பிட்டுப் படிக்க விரும்புபவருக்குப் பொறுமை வேண்டும்.

சுருக்கங்களுக்கு வருவோம். ‘பிடிடபிள்யூ’ என்று தேடினால் ‘பை த வே’ என்ற விரிவும், இது நெருங்கியவர்களுக்கிடையிலான வழக்கு என்ற முத்திரையும் கிடைக்கின்றன. வேலைக்கான விண்ணப்ப மின்னஞ்சலில் அதை எழுதலாமா என்று தயங்கும் இளைஞருக்கு அந்த முத்திரையே விடை. ஆனால் சுருக்கங்களின் பொருள் புழக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் ‘எல்ஓஎல்’ (‘லாஃப் அவுட் லவுட்’) என்பதை ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று எண்ணி, அதை இட்டுக் குறுஞ்செய்திகளை முடித்துவந்தார் என்று, அவற்றைப் பெற்ற பத்திரிகை ஆசிரியர் ரெபெக்கா புரூக்ஸ் 2012-இல், பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையில் சாட்சியம் அளித்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே அந்த நிலை. மேலும், அகராதிகள் நிதானமாகவே ஒரு சொல்லை ஏற்கும். 1917-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இடம்பெற்ற ‘ஓஎம்ஜி’ (‘ஓ மை காட்’), ஆக்ஸ்போர்டின் பெரிய ஆங்கில அகராதிக்குள் நுழைந்தது 2011-இல்தான். இன்று காலை வாட்ஸ்ஆப் குழுவில் முளைத்த சுருக்கத்தை இங்கே தேடி ஏமாற வேண்டாம். அனுப்பியவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பதால், இப்போதுதான் தொடங்குபவர்களுக்கு இந்தத் தளம் கடினமாக இருக்கும். அவர்கள் முதலில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதியோடு பழகலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கும், நேர்காணலுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ ஆயத்தமாகிறவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு வினையைத் திறந்ததும் முதலில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படித்து, செயப்படுபொருளை ‘இட்’ ஆக்கி ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.